இந்திய விடுதலை இயக்கமும் தெலுங்கு நாவலும்

1

நவீன இந்திய இலக்கியங்களில் நாவலின் வளர்ச்சியையும் தேசிய இயக்கத்தின் வளர்ச்சியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்து நோக்குதல் அரிது. ஆங்கிலக் கல்வி, அச்சியந்திரம், நகரம் சார்ந்த மத்தியதர வர்க்கம் ஆகிய மூலங்களிலிருந்தே இரண்டும் பிறந்தன. நாவலுக்கு வேண்டிய வாசகனும் இயக்கத்துக்கு வேண்டிய தொண்டனும் பெரும்பாலும் ஒரே வீட்டில் வளர்ந்தனர். ஆகவே விடுதலைப் போராட்டம் நாவலுக்குப் பொருளாயிற்று என்பதில் வியப்பில்லை. வியப்புக்கும் ஆய்வுக்கும் உரியது வேறொன்று. அந்நிய ஆட்சியை எதிர்த்த போராட்டத்தைப் பகைப்புலமாகக் கொண்ட நாவல்களுட் சிறந்தவை அந்நியனைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. அவற்றின் பக்கங்களை நிறைத்து நிற்பவர்கள் ஊர்ப் பெருநிலக்காரனும் கணக்கனும் கூலியாளும் கோயிற் படியேறக் கூடாதவனும் ஆவர். வெள்ளையன் தொலைவில் உள்ளான்; பகை ஊருக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் இலக்கியங்களுள் ஒன்று தெலுங்கு. வங்கத்துச் சரத்சந்திரரையும் இந்தியின் பிரேம்சந்தையும் மொழிபெயர்ப்புகள் வாயிலாக ஓரளவு அறிந்துள்ள எமது வாசகருக்கு, தமிழுக்கு மிக அண்மையிலுள்ள தெலுங்கின் நாவல் இலக்கியம் அத்துணை அறிமுகமானதன்று. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. கந்துகூரி வீரேசலிங்கம் எழுதிய 'ராஜசேகர சரித்திரமு' அடுத்த ஆண்டே நூலுருப் பெற்றது. சீர்திருத்த நோக்கே இரண்டையும் இயக்கியது. ஆயின் அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆந்திரத்தில் நிகழ்ந்தவை தெலுங்கு நாவலைச் சீர்திருத்தத்தினின்றும் அரசியலுக்கு இட்டுச் சென்றன. அரசியலோ அதனை மீண்டும் கிராமத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது. இப்பயணத்தின் முக்கிய கட்டங்களைச் சில நாவல்களின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இந்நாவல்களை விளங்கிக்கொள்வதற்கு அவை எழுந்த நிலத்தை முதலில் அறிதல் வேண்டும். தெலுங்கு பேசும் மக்கள் அக்காலத்தில் இருவேறு ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தனர். கடற்கரை மாவட்டங்களும் இராயலசீமையும் சென்னை மாகாணத்துள் அடங்கிப் பிரித்தானியரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. தெலுங்கானாவோ நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இவ்வேறுபாடு பின்னர் நாவலிலும் ஆழப் பதிந்தது.

1921, 1922ஆம் ஆண்டுகளில் ஒத்துழையாமை இயக்கம் கடற்கரை ஆந்திரத்தில், குறிப்பாகக் குண்டூர் மாவட்டத்தில், மிகத் தீவிரமாக நடைபெற்றது. சீராலா – பேராலாவில் நகரசபையையும் அது விதித்த வரிச்சுமையையும் ஏற்க மறுத்த மக்கள், துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவின் தலைமையில், வீடுகளைத் துறந்து ஊருக்கு வெளியே குடிசைகளில் வாழ்ந்தனர். பல்நாட்டுப் பகுதியிற் காட்டிற் கால்நடை மேய்ப்பதற்கு விதிக்கப்பட்ட புல்வரியை எதிர்த்துக் குடியானவர்கள் எழுந்தனர்; 1922 பெப்ரவரியிற் கன்னெகண்டி ஹனுமந்து சுட்டுக் கொல்லப்பட்டார். பெதநந்திபாட்டில் நிலவரி செலுத்தா இயக்கம் நடந்தது. கிராம அதிகாரிகள் பலர் பதவி துறந்தனர்.

சௌரி சௌராச் சம்பவத்தைத் தொடர்ந்து அதே மாதத்திற் காந்தியடிகள் போராட்டத்தை நிறுத்தினார். பார்தோலியிற் கூடிய காங்கிரஸ் செயற்குழு, ஜமீன்தார்களுக்குரிய வாரத்தைக் குடியானவர் கொடாது நிறுத்துதல் காங்கிரசின் தீர்மானங்களுக்கு முரணானது என அறிவுறுத்தியது. இத்தீர்மானம் எமது விடயத்துக்கு முக்கியமானதாகும். அரசுக்குக் கொடுக்கும் வரியை மறுக்கலாம். நிலக்கிழானுக்குக் கொடுக்கும் வாரத்தை மறுக்கலாகாது. தேசிய இயக்கம் தனக்குத் தானே கிழித்துக்கொண்ட கோடு இதுவே. அக்கோட்டின் மறுபுறத்தில் நின்ற மக்களின் குரல் அவ்வாண்டிலேயே ஒரு நாவலாக வெளிவந்தது. அந்நாவலே உன்னவ லட்சுமிநாராயணாவின் 'மாலபள்ளி'.

3

உன்னவ லட்சுமிநாராயணா (1877–1958) பிராமண குலத்திற் பிறந்தவர். அயர்லாந்தின் டப்ளினிற் சட்டம் பயின்று பாரிஸ்டரானவர். குண்டூரிற் கைம்பெண் மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் உழைத்தவர். பல்நாட்டுப் போராட்டத்தோடு தொடர்புபட்டுச் சிறைப்பட்ட அவர், வேலூர்ச் சிறையில் இருந்தபோது இந்நாவலை எழுதினார். தமிழ் மண்ணில் உள்ள ஒரு சிறைச்சாலை தெலுங்கின் மாபெரும் சமூக நாவலொன்றின் பிறப்பிடமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மாலர் என்போர் ஆந்திரத்தின் தீண்டத்தகாதவராகக் கணிக்கப்பட்ட சாதியினருள் ஒரு பிரிவினர். 'மாலபள்ளி' என்பது மாலர் வாழும் சேரியைக் குறிக்கும். நூலின் பெயரே அக்காலத்து மேற்சாதி வாசகனுக்கு ஓர் அறைகூவலாக அமைந்தது. அதுவரை நாவலின் முற்றத்துக்குக்கூட வராதவர்கள் அதன் நடுவீட்டில் அமர்த்தப்பட்டனர்.

கதையின் மையம் இராமதாசு என்ற மாலரின் குடும்பம். இராமதாசு சிறிதளவு நிலமுடையவர், வைணவ பக்தர், வேதாந்தம் பேசுபவர். அவருடைய மகன் சங்கதாசு, சௌதரய்யா என்ற பெருநிலக்காரனின் பண்ணையில் வேலை செய்கிறான். சௌதரய்யாவின் மகன் இராமநாயுடு சங்கதாசுவின் நண்பன். தீண்டாமை ஒழிப்பிலும் கூலியாட்களின் நலனிலும் இருவரும் ஈடுபடுகின்றனர். கூலிப் பிரச்சினை முற்றுகிறது; சங்கதாசு சௌதரய்யாவின் கையாலேயே கொல்லப்படுகிறான். அவனது நினைவாகச் 'சங்கபீடம்' என்ற நிறுவனம் எழுகிறது. அவனது உடன்பிறந்தானாகிய வெங்கடதாசு வேறு வழியிற் செல்கிறான். தக்கெள்ள ஜக்கடு என்ற பெயரோடு ஒரு கூட்டத்தைத் திரட்டி, செல்வரிடமிருந்து கவர்ந்து வறியவர்க்கு வழங்குகிறான். பொலிஸ், வழக்கு, சிறை என்ற அரச இயந்திரம் முழுவதும் இராமதாசுவின் குடும்பத்தின்மேற் பாய்கிறது. நிலம் போகிறது, மக்கள் ஒவ்வொருவராக அழிகின்றனர்.

இக்கதையமைப்பில் நாம் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது இரு சகோதரரின் அமைப்பாகும். சங்கதாசு அகிம்சையின் வழி நிற்பவன். எதிரியின் மனமாற்றத்தை நம்புபவன். காந்தியத்தின் இலட்சிய மாந்தன். வெங்கடதாசு மனமாற்றத்துக்குக் காத்திராதவன். ஆசிரியரின் அறிவு சங்கதாசுவின் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. சங்கதாசுவின் மரணத்துக்கு அவர் கொடுக்கும் புனிதமே இதற்குச் சான்று. ஆயினும் வெங்கடதாசுவை அவர் ஒரு சாதாரணக் கொள்ளைக்காரனாகத் தள்ளிவிடவில்லை. அவனும் அதே தாயின் வயிற்றிற் பிறந்தவன். அதே அநீதியின் விளைவு. தம்பி கொலையுண்டபின் தமையன் என்ன செய்வான் என்ற வினாவுக்கு அக்காலத்துக் காங்கிரஸ் அரசியலில் விடையில்லை. அவ்வினாவை மறைக்காது நாவலிற் பதித்தமையே உன்னவவின் கலை நேர்மையாகும். ஆசிரியரின் கொள்கை ஓரிடத்தில் நின்றுவிட, அவர் கண்ட வாழ்க்கை அதனைத் தாண்டிச் செல்கிறது. சிறந்த யதார்த்த நாவல்கள் யாவற்றிலும் இத்தகைய ஒரு கட்டம் உண்டு.

நூலுக்கு அமைந்த மறுபெயரும் இவ்வகையிற் பொருள் பொதிந்தது. 'சங்கவிஜயம்' என்பது சங்கதாசுவின் வெற்றி எனவும் சங்கத்தின் வெற்றி எனவும் இருபொருள் தரும். ஒருவனது தியாகமா, பலரது ஒன்றிணைவா என்ற வினா தலைப்பிலேயே தொக்கி நிற்கிறது. ருஷ்யப் புரட்சி நிகழ்ந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அப்புரட்சியின் எதிரொலியை இந்நாவலிற் கேட்ட விமர்சகர் பலர். அரசாங்கமும் அதனைக் கேட்டிருத்தல் வேண்டும். 1923இற் சென்னை அரசாங்கம் 'மாலபள்ளி'யைத் தடை செய்தது. பின்னர் சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில் 1928இல் அது வெளிவர அனுமதி கிடைத்தது. 1936இல் மீண்டும் தடை விதிக்கப்பட்டது. 1937இற் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்ற பின்னரே தடை நீங்கியது. வெள்ளையரை நேருக்கு நேர் சாடும் எழுத்துக்கள் பல நடமாடிய காலத்தில், ஒரு சேரியின் கதை இரு தடவை தடை செய்யப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. ஆட்சியின் அத்திவாரம் கோட்டையில் மட்டும் இருக்கவில்லை. ஊர்ப் பெருநிலக்காரனின் களஞ்சியத்திலும் இருந்தது. அதனை அசைக்கும் நூலை ஆட்சியாளர் நன்கு இனங்கண்டுகொண்டனர் எனலாம்.

மொழிநடையிலும் 'மாலபள்ளி' ஒரு திருப்புமுனையாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலக்கண மரபு வழுவாத கிராந்திக நடைக்கும் மக்கள் பேசும் வியாவகாரிக நடைக்கும் இடையே தெலுங்கிற் பெரும் போர் நிகழ்ந்தது. கிடுகு ராமமூர்த்தி மக்கள் மொழிக்காகப் பெரிதும் வாதாடினார். குண்டூர்ப் பகுதிப் பேச்சு வழக்கைத் துணிந்து கையாண்டதன் மூலம் உன்னவ அவ்வாதத்தை இலக்கியத்தில் நிலைநாட்டினார். யார் நாவலிற் பேசலாம் என்ற வினாவும், எந்த மொழியிற் பேசலாம் என்ற வினாவும் உண்மையில் ஒன்றே.

குறைகளையும் கூறாதிருத்தல் தகாது. நீண்ட சொற்பொழிவுகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. வெங்கடதாசுவின் கூட்டத்தைப் பற்றிய பகுதிகளிற் பழைய வீரகதையின் மிகைநவிற்சி தலைகாட்டுகிறது. மாலர் குடும்பத்தினர் மிகத் தூயவராகவும் வேதாந்த ஞானம் உடையவராகவும் படைக்கப்பட்டிருப்பது, அவர்களை மேற்சாதி வாசகன் ஏற்பதற்கான ஒரு நிபந்தனையோ என ஐயுற வைக்கிறது. மனிதனாக மதிக்கப்படுதற்கு ஒருவன் ஞானியாக இருத்தல் வேண்டுமா? இவ்வினாவை மனதில் இருத்திக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இதனிடம் மீள வேண்டியிருக்கும்.

4

'மாலபள்ளி' திறந்த வழியிலே தெலுங்கு நாவல் உடனடியாகச் செல்லவில்லை. 1934இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் நடாத்திய நாவற் போட்டியின் பரிசை இரு நாவல்கள் பகிர்ந்துகொண்டன: ஒன்று அடவி பாபிராஜுவின் 'நாராயணராவ்', மற்றது விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயிபடகலு'. ஒரே காலத்தின் இரு முகங்களை இவற்றிற் காணலாம்.

ஓவியராகவும் கவிஞராகவும் விளங்கிய பாபிராஜு ஒத்துழையாமை இயக்கத்திற் சிறை சென்றவர். அவரது நாயகன் நாராயணராவ் காந்தி யுகத்தின் இலட்சிய இளைஞன். கல்வியும் கலையுணர்வும் தேசப்பற்றும் நற்குணமும் ஒருங்கே அமைந்தவன். ஜமீன்தாரின் மகளை மணம் புரிகிறான். செல்வக் குடும்பத்தினரின் இல்லற வாழ்விலே தேசியம் ஒரு நறுமணம்போற் பரவி நிற்கிறது. வாசிப்பதற்கு இனிமையான இந்நாவலில் முரண்பாடுகள் யாவும் அன்பினாற் கரைந்துவிடுகின்றன. தேசிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய வர்க்கம் தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பதை அறிவதற்கு இதனினும் சிறந்த ஆவணம் வேறில்லை எனலாம்.

'வேயிபடகலு', அதாவது 'ஆயிரம் படங்கள்', முற்றிலும் வேறான உலகு. படங்கள் ஈண்டுப் பாம்பின் படங்களைக் குறிக்கும். சுப்பன்னபேட்டை என்ற ஊரின் தோற்றத்தையும் சிதைவையும் அது காவியப் பரப்பிற் கூறுகிறது. ஆயிரம் படங்களையுடைய நாகம் மரபுவழிச் சமுதாயத்தின் குறியீடு. படங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஆங்கிலக் கல்வியும் அதன்வழி வந்த நவீனத்துவமும் கிராமத்தின் தர்மத்தைச் சிதைத்தன என்பதே ஆசிரியரின் துயரம். வருணதர்மத்தை ஏற்கும் அவரது நோக்கை நாம் ஏற்க முடியாது. ஆயினும் குடியேற்ற ஆட்சி கிராமத்தின் வாழ்வாதாரத்தையும் உறவுகளையும் கலைகளையும் எவ்வாறு குலைத்தது என்பதை அவரளவு நுணுக்கமாகக் காட்டியவர் சிலரே. பிற்காலத்தில் இந்தியப் பிரதமரான பி. வி. நரசிம்மராவ் இதனை இந்தியில் மொழிபெயர்த்தார். அந்நியராட்சியின் மீதான வெறுப்பு எப்பொழுதும் முற்போக்கானதாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்நாவல் எமக்கு உணர்த்துகிறது. விடுதலை என்பது சிலருக்கு வருங்காலத்தை நோக்கிய பயணம். வேறு சிலருக்கோ இழந்ததை நோக்கிய ஏக்கம். சேரியிலிருந்து பார்ப்பவனுக்கு மீட்டெடுக்க விரும்பத்தக்க பொற்காலம் எதுவுமில்லை.

5

நிகழும் போராட்டத்தை நிகழும்போதே எழுதுவது ஒன்று. அது முடிந்தபின் திரும்பிப் பார்த்து எழுதுவது பிறிதொன்று. 1909இற் பிறந்த இருவர் இரண்டாவது பணியைச் செய்தனர். ஒத்துழையாமை இயக்கக் காலத்திற் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவராக இருந்த அவர்கள், பிற்காலத்தில் மார்க்சிய நோக்கோடு அக்காலத்தை மதிப்பிட முனைந்தனர்.

ஒருவர் கொடவடிகண்டி குடும்பராவ். சென்னையில் 'சந்தமாமா' இதழின் ஆசிரியப் பணியால் அறியப்பட்ட இவரது 'சதுவு' (படிப்பு) என்ற நாவல், முதலாம் உலகப் போர்க் காலம் முதல் முப்பதுகளின் நடுப்பகுதி வரையான காலத்தைச் சுந்தரம் என்ற மத்தியதர வர்க்கத்துப் பையனின் கல்வி வரலாறாகக் கூறுகிறது. வீரச் செயல் எதுவும் இதில் இல்லை. போராட்டம் தெருவாற் செல்கிறது; சுந்தரம் சன்னலிலிருந்து பார்க்கிறான்; சில வேளை அதன் அலை அவனைத் தொடுகிறது. கல்வி அவனுக்கு உத்தியோகத்தையும் தருவதில்லை, உலகை விளங்கும் ஆற்றலையும் தருவதில்லை. தேசிய இயக்கத்தின் தொண்டரைப் பற்றிப் பலர் எழுதினர். அதனை நம்பவும் முடியாது விலகவும் முடியாது வாழ்ந்த பெருந்தொகையினரைப் பற்றி எழுதியவர் சிலரே. குடும்பராவின் உணர்ச்சி கலவாத, எள்ளல் தோய்ந்த நடை அதற்கு மிகவும் பொருந்துகிறது.

மற்றவர் மஹீதர ராமமோஹனராவ். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த இவர் அறுபதுகளின் நடுப்பகுதியில் வெளியிட்ட 'கொல்லாயி கட்டிதேநேமி' தேசிய இயக்க நாவல்களுள் தனியிடம் பெறுவது. முழந்துண்டு உடுத்தினால் என்ன எனப் பொருள்படும் இத்தலைப்பு, காந்தியடிகளைப் போற்றி மக்கள் பாடிய ஒரு பாடலிலிருந்து பெறப்பட்டது. கதை கோதாவரிக் கழிமுகத்தின் கோனசீமையில், ஆசிரியர் நன்கறிந்த முங்கண்ட என்ற வைதீகப் பிராமணர் வாழும் ஊரில், 1920ஐ அடுத்த காலத்தில் நிகழ்கிறது. கல்லூரிப் படிப்பைத் துறந்து இயக்கத்திற் சேர்ந்த இராமநாதம் என்ற இளைஞன் ஊர் திரும்புகிறான். அவன் எதிர்கொள்ளும் முதற் பகைவன் கலெக்டர் அல்லன். அவனது சொந்த அக்கிரகாரம். யாருடன் உண்பது, யாரைத் தொடுவது, யார் வீட்டுக்குச் செல்வது என்பனவே அங்கே அரசியலாகின்றன.

இந்நாவலின் சிறப்பு, காந்தியத்தைப் பின்னாளைய அறிவைக் கொண்டு எள்ளி நகையாடாமையாகும். பொதுவுடைமையாளரான ஆசிரியர், காந்திய இயக்கம் தேங்கிக் கிடந்த ஓர் ஊரில் எத்தகைய அசைவை ஏற்படுத்தியது என்பதை மதிப்போடு காட்டுகிறார். ஒரு கதர்த் துண்டும் ஒரு சமபந்திப் போசனமும் ஒரு தலைமுறையின் உலகைப் புரட்டிப்போடக் கூடியனவாக இருந்தன. அதே வேளை அவ்வசைவு எங்கே நின்றுவிட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அக்கிரகாரத்துள் நிகழ்ந்த புரட்சி வயலை எட்டவில்லை. 'தேசம் கோசம்', 'ஜ்வாலாதோரணம்' முதலிய பிற நாவல்களிலும் அவர் தேசிய வரலாற்றை ஊர் மாந்தரின் வாழ்விலே தொடர்ந்து தேடினார்.

6

இதுவரை நோக்கியவை பிரித்தானிய ஆந்திரத்தின் நாவல்கள். தெலுங்கானாவுக்கு வரும்போது 'விடுதலை' என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. அங்கே ஆண்டவன் வெள்ளையனல்லன், நிஜாம். ஊரை ஆண்டவனோ நிஜாமும் அல்லன், தேஷ்முக். கோட்டை போன்ற 'கடீ' என்ற மாளிகையில் அவன் வாழ்ந்தான். ஒவ்வொரு சாதியினரும் அவனுக்குக் கூலியின்றி உழைக்கும் 'வெட்டி' முறை நிலவியது. பெருங்குடும்பத்துப் பெண் மணமாகிச் செல்லும்போது சீதனப் பொருள்போல அவளுடன் அனுப்பப்பட்ட அடிமைப் பெண் 'ஆடபாப' எனப்பட்டாள். அரச மொழி உருது. தெலுங்கிற் படிப்பதும் நூலகம் அமைப்பதுமே அரசியற் செயல்களாகக் கருதப்பட்டன. நூலக இயக்கமும் அதன்பின் எழுந்த ஆந்திர மகாசபையும் தெலுங்கானாவின் விடுதலை இயக்கத்துக்கு வித்திட்டன.

இவ்வுலகை நாவலுக்குக் கொண்டுவந்த முன்னோடி வட்டிகோட்ட ஆள்வாருசுவாமி (1915–1961). ஒழுங்கான கல்விக்கு வழியற்று, உணவுவிடுதியிலும் அச்சுத்துறையிலும் பணிபுரிந்து தாமே கற்றுக்கொண்டவர், 1938இல் 'தேசோத்தாரக கிரந்தமாலா' என்ற பதிப்பகத்தை நிறுவியவர், சிறையனுபவம் மிக்கவர். அவரது 'பிரஜல மனிஷி' (மக்கள் மனிதன்) முப்பதுகளின் பிற்பகுதியில் ஒரு தெலுங்கானாக் கிராமம் எவ்வாறு விழித்தெழுந்தது என்பதைக் கூறுகிறது. கண்டீரவம் என்ற இளைஞன் ஊர்த் தலைவனாக உருவாவதே கதை. ஆயின் உன்னவவின் சங்கதாசுவைப்போல இவன் தியாகத்தால் உயர்ந்து நிற்பவன் அல்லன். கூட்டம் கூட்டுவது, விண்ணப்பம் எழுதுவது, அச்சத்தைப் போக்குவது முதலிய சிறு செயல்களால் வளர்பவன். அமைப்பு என்பது என்ன என்பதைத் தெலுங்கு நாவல் இங்கே கற்றுக்கொள்கிறது. இதன் தொடர்ச்சியாக அமைந்த 'கங்கு' ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாது நின்றது.

அவரைப் பின்பற்றியவர் தாசரதி ரங்காசாரியா (1928–2015). 'சில்லர தேவுள்ளு' (1969), 'மோதுகு பூலு' (1971), 'ஜனபதம்' (1976) ஆகிய மூன்றும் சேர்ந்து 1938க்கு முந்திய காலம் தொட்டு 1948க்குப் பிந்திய காலம் வரையான தெலுங்கானாவின் வரலாறாகின்றன. முதல் நாவலின் தலைப்பு தமிழருக்கு விளக்கமின்றியே புரியும்: சில்லறைத் தெய்வங்கள். கடவுளும் நிஜாமும் எங்கோ இருக்க, ஊரில் உயிரை எடுக்கவும் கொடுக்கவும் வல்ல தேஷ்முக்கும் கணக்கனுமே அச்சில்லறைத் தெய்வங்கள். விஜயவாடாவிலிருந்து பிழைப்புத் தேடி வரும் சாரங்கபாணி என்ற பாடகனின் கண்கள் ஊடாக இவ்வுலகம் காட்டப்படுகிறது. பிரித்தானிய ஆந்திரத்தவனான அவனே திகைத்து நிற்கும் அளவுக்கு அங்கு அடிமைத்தனம் இயல்பாகிக் கிடக்கிறது. உருதுச் சொற்கள் விரவிய தெலுங்கானாப் பேச்சு மொழியை ரங்காசாரியா தயக்கமின்றிக் கையாண்டார். அதுவும் உன்னவ தொடக்கிய பணியின் தொடர்ச்சியே.

தெலுங்கானாவின் காலக்கணக்கும் வேறானது. 1946இல் தொடங்கிய குடியானவர் ஆயுதப் போராட்டத்தை உடனேயே நாவலாக்கியது பொல்லிமுந்த சிவராமகிருஷ்ணாவின் 'மிருத்யுஞ்சயுலு' (1947). 1947 ஓகஸ்ட் 15 அம்மக்களுக்கு விடுதலை நாளாக அமையவில்லை. 1948 செப்டெம்பரில் இந்திய இராணுவம் நுழைந்து நிஜாமின் ஆட்சி வீழ்ந்தது. ஆயின் குடியானவர் பெற்றிருந்த நிலங்களுக்குத் தப்பியோடிய நிலக்கிழார்கள் மீண்டும் உரிமை கோரி வந்தனர்; போராட்டம் 1951 வரை, இம்முறை சுதந்திர இந்தியாவின் படைகளுக்கு எதிராக, நீடித்தது. விடுதலை இயக்க நாவல் தனது இயல்பான முடிவாகக் கொண்டிருந்த கொடியேற்றம் தெலுங்கானாவிற் கதையின் முடிவாக அமைய மறுத்துவிட்டது. 'ஜனபதம்' அந்த மறுப்பின் கதையாகும்.

7

மேற்கூறியவற்றை ஒன்றுசேர்த்து நோக்குமிடத்து ஒரு செல்நெறி புலனாகிறது. பார்தோலித் தீர்மானம் கிழித்த கோட்டைத் தெலுங்கு நாவல் தனது சிறந்த கட்டங்களில் எல்லாம் மீறியுள்ளது. இயக்கத்தின் தலைமை ஒற்றுமையின் பெயரால் ஒத்திவைத்த வினாக்களை – நிலம் யாருடையது, கிணறு யாருடையது, மொழி யாருடையது என்பவற்றை – நாவல் ஒத்திவைக்கவில்லை. கட்சி உறுப்பினராகவோ இயக்கத் தொண்டராகவோ வாழ்ந்த எழுத்தாளர்களே அதனைச் செய்தனர். இயக்கத்தைக் கைவிட்டுச் செய்யவில்லை. அதன்மேற் கொண்ட பற்றினாலேயே செய்தனர். இயக்கத்துக்கு உண்மையாக இருப்பதும் அதன் அன்றைய தீர்மானத்துக்குக் கீழ்ப்படிவதும் இலக்கியகாரனுக்கு ஒன்றல்ல என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

எனினும் இந்நாவல்களின் எல்லையையும் சுட்டியாக வேண்டும். பெண்கள் இவற்றிற் பெரும்பாலும் துன்புறுபவராகவோ துணைநிற்பவராகவோதான் வருகின்றனர். பெண் எழுத்தாளர் ஒருவர் தேசிய இயக்கக் காலத்தை மீள நோக்கிய மாலதி சந்தூரின் 'ஹிருதய நேத்ரி' சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது 1992இலேயே.

சேரியைப் பற்றிய வினாவோ இன்னும் கூர்மையானது. 'மாலபள்ளி' வெளிவந்து எழுபத்தெட்டு ஆண்டுகளின் பின், 2000இல், ஜி. கல்யாணராவின் 'அந்தராணி வசந்தம்' (தீண்டத்தகாத வசந்தம்) வெளிவந்தது. தலித் சமூகத்துள் இருந்தே எழுந்த இந்நாவல், ரூத் என்ற முதியவளின் நினைவுகள் வழியாகப் பல தலைமுறைகளின் வரலாற்றைக் கூறுகிறது. எல்லன்னா என்ற கூத்துக் கலைஞன், பஞ்சம், கால்வாய் வேலை, மதமாற்றம், நிலப் போராட்டம் என விரியும் அவ்வரலாற்றிலே, நாம் பாடநூல்களிற் படித்த தேசிய இயக்கம் மையத்தில் இல்லை. அங்கே மாலரும் மாதிகரும் வேதாந்தம் பேசுவதால் மனிதராகவில்லை. அவர்களுக்குத் தமது பாட்டும் கூத்தும் சினமும் உண்டு; அவை போதும். மனிதனாக மதிக்கப்படுதற்கு ஒருவன் ஞானியாக இருத்தல் வேண்டுமா என்று நாம் 'மாலபள்ளி'யிடம் கேட்ட வினாவுக்கு விடை இந்நூலிலே கிடைக்கிறது.

இதனால் உன்னவவின் சாதனை குன்றிவிடாது. வேலூர்ச் சிறையிலிருந்து ஒரு பிராமணப் பாரிஸ்டர் மாலரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அக்காலத்துக்கு அது பெருந்துணிவு. அக்கதவு உள்ளிருந்து திறக்கப்பட மூன்று தலைமுறைகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் நாடு விடுதலை பெற்றது. யாருக்கு விடுதலை என்ற வினா மட்டும் தீராது நின்றது. அவ்வினாவைத் தீர்ந்ததாகப் பாவனை செய்யாமையே தெலுங்கு நாவலின் பெருமை. எமது இலக்கியங்களைப் பயில்வோரும் படைப்போரும் அதனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே.